பாண்ட், மிஷன் இம்பாசிபிள், பார்ன்: எது உசத்தி, எது நிலைக்கும்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: “ஜேம்ஸ் பாண்ட், மிஷன் இம்பாசிபிள், ஜேசன் பார்ன் மூன்று வரிசையையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். இதில் எது உசத்தி? எனக்கு பார்ன்தான் பிடித்தது. ஆனால் அதுதான் சீக்கிரம் நின்றுபோனது. ஏன்?” முதல் பாதியை மட்டும் படித்தால், யார் பெரியவர் என்ற வழக்கமான சண்டை போலத் தெரியும். உங்கள் உண்மையான கேள்வி பின்பாதியில் இருக்கிறது. நன்றாக எடுக்கப்பட்ட வரிசை ஏன் நீடிக்கவில்லை, அறுபது வருடத்துக்கு முன் தொடங்கியது இன்னும் எப்படி ஓடுகிறது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். எது உசத்தி என்பதும் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் படத்தொகுப்பாளர். 22 வருடமாக இதே வேலை. அதில் பெரும்பகுதி சண்டைக் காட்சிகளும் துரத்தல் காட்சிகளும்தான். ஸ்டுடியோக்களின் வரவுசெலவு எனக்குத் தெரிந்த துறை இல்லை. நிஜ உளவுத்துறையில் வேலை எப்படி நடக்கும் என்பதும் அப்படித்தான். எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒவ்வொரு வரிசையும் பார்வையாளருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு எது என்பது, எந்த இடத்தில் கட் செய்கிறார்கள், எந்த இடத்தில் கட் செய்ய மறுக்கிறார்கள் என்பதில் பளிச்சென்று தெரியும். மூன்றின் ஆயுளும் அந்த வாக்கைப் பொறுத்ததுதான் என்பது என் கருத்து.

பாண்டில் தொடங்குகிறேன். முதல் படம் ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபரில் வெளியானது. கியூபா ஏவுகணை நெருக்கடி வந்த அதே மாதம். அதில் பாண்டை அறிமுகம் செய்யும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சூதாட்ட மேஜை. ஒரு பெண் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறாள். அவளை ஜெயிப்பவரின் முகத்தைக் காட்டுவதே இல்லை. கை தெரிகிறது, சீட்டு தெரிகிறது, முதுகும் தோளும் தெரிகின்றன. அவர் அவள் பெயரைக் கேட்கிறார். “ட்ரெஞ்ச்... சில்வியா ட்ரெஞ்ச்” என்கிறாள். பதிலுக்கு அவள் அவர் பெயரைக் கேட்ட பிறகுதான் ஷாட் மாறுகிறது. சிகரெட் பற்றவைத்தபடி ஷான் கானரி, அவள் சொன்ன அதே தோரணையில் தன் பெயரைத் திருப்பிச் சொல்கிறார். உலகமே மனப்பாடம் செய்துவைத்திருக்கும் அந்த வசனம், ஒரு பெண் பேசிய விதத்துக்கு எதிரொலியாகத்தான் முதலில் வந்தது. பிறகு அதுவே சடங்காகிவிட்டது.

சடங்கு என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். துப்பாக்கிக் குழல் வழியாகப் பார்க்கும் அந்தத் தொடக்கம், கதைக்கு முன்னால் ஒரு பெரிய ஆக்‌ஷன், பாட்டோடு வரும் டைட்டில், மேலதிகாரியின் அறை, கருவிகள் தரும் கியூ. படத்துக்குப் படம் வரிசை கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஆனால் சாமான்கள் அதேதான். இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. மாரிஸ் பைண்டர் வடிவமைத்த அந்தத் துப்பாக்கிக் குழல் ஷாட்டில், முதல் மூன்று படங்களிலும் நடந்துவந்து சுடும் ஆள் கானரி கிடையாது, பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். அதாவது பாண்ட் என்பவர் தன் முதல் ஃபிரேமிலேயே ஓர் உருவரை. கோட்டு, தொப்பி, துப்பாக்கி போதும், உள்ளே யார் நிற்கிறார் என்பது இரண்டாம்பட்சம்.

அதனால்தான் ஆள் மாற முடிந்தது. பாண்ட் படங்களைத் தயாரிக்கும் ஈயான் நிறுவனம் எடுத்தவை 25, பாண்டாக நடித்தவர்கள் 6 பேர். 1969-இல் ஜார்ஜ் லேசன்பி வந்தபோது, முந்தைய ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததில்லை என்று படத்துக்குள்ளேயே சொல்ல வைத்தார்கள். மறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார்கள். 2021-இல் இன்னும் பெரிய துணிச்சல். ‘நோ டைம் டு டை’ முடிவில் பாண்ட் இறந்துபோகிறார். நம் கண் முன்னால் ஏவுகணை விழுகிறது. ஆனாலும் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு, ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார் என்று எழுத்து வருகிறது. வேறெந்தக் கதாநாயகனைக் கொன்றுவிட்டு இப்படி எழுதினாலும் ஏமாற்று வேலை என்போம். இங்கே யாருக்கும் உறுத்தவில்லை. இறந்தது டேனியல் கிரெய்க்கின் பாண்ட் என்பதும், அச்சு அப்படியே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் புரிகிறது.

அச்சு நிலையாக இருந்ததால் உள்ளே எதை ஊற்றினாலும் தாங்கியது. ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ முடிவில் அடுத்த படம் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்று அறிவித்தார்கள். அதே 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து வசூலைக் குவித்ததும் திட்டத்தை மாற்றி, 1979-இல் ‘மூன்ரேக்கர்’ எடுத்து பாண்டை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். 1989-க்குப் பிறகு சட்டச் சிக்கல்களால் ஆறு வருடம் படமே இல்லை. அதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1995-இல் ‘கோல்டன்ஐ’ வந்தபோது ஜூடி டென்ச் நடித்த மேலதிகாரி, நீ பனிப்போர் காலத்து மிச்சம் என்று பாண்டின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். வெளியே விமர்சகர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை உள்ளே இழுத்து வசனமாக்கிக் கொண்டார்கள்.

எடிட்டிங் பக்கம் பாண்ட் செய்த உதவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் படங்களின் தொகுப்பாளர் பீட்டர் ஹன்ட். அவர் வேலையைப் பார்க்க 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ போதும். ரயில் பெட்டிக்குள் கானரிக்கும் ராபர்ட் ஷாவுக்கும் நடக்கும் சண்டை. கை ஓங்குவது ஒரு ஷாட், அடி விழுவது அடுத்த ஷாட். நடுவில் கை காற்றில் பயணம் செய்யும் நேரத்தை எடுத்துவிட்டார். இன்று எந்தச் சண்டைக் காட்சியிலும் நாங்கள் சாதாரணமாகச் செய்வது இது. அன்றைக்கு ஓர் அடி விழுவதை முழுசாகக் காட்டாமல் வெட்டுவது பெரிய துணிச்சல்.

பாண்டின் குறையும் அந்த அச்சில்தான் இருக்கிறது. சடங்கு சில சமயம் வெறும் சடங்காகிவிடும். 2002-இல் வந்த ‘டை அனதர் டே’யில் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கார் வந்தபோது தியேட்டரில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பெண்களை நடத்திய விதத்தில் பழைய படங்கள் பலவற்றை இன்று நெளியாமல் பார்க்க முடிவதில்லை. அதை நான் மூடிமறைக்கப் போவதில்லை.

இப்போது 1977 படத்தின் அந்தப் பனிச்சறுக்குக் குதிப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மிஷன் இம்பாசிபிளுக்குப் போகும் பாலம் அதுதான். கனடாவின் பாஃபின் தீவில் ஆஸ்கார்ட் மலையிலிருந்து ரிக் சில்வெஸ்டர் நிஜமாகவே குதித்தார். இசை நின்றுவிடுகிறது. ஆள் புள்ளியாகச் சுருங்கி விழுந்துகொண்டே இருக்கிறார். கட் இல்லை. பிறகு பிரிட்டன் கொடி நிறத்தில் பாராசூட் விரிகிறது. அற்புதமான ஷாட். ஆனால் தூரத்து ஷாட், ஏனென்றால் விழுவது அப்போது பாண்டாக நடித்த ரோஜர் மூர் இல்லை. டூப் போட்டு எடுக்கும் எந்த ஸ்டண்டிலும் எங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டு. முகம் தெரியக் கூடாது. அதனால் முதுகு, தூரம், இருட்டு, தலைக்கவசம் என்று ஏதாவது ஒன்றின் பின்னால் ஒளிய வேண்டும். அல்லது முகம் திரும்புவதற்குள் கட் செய்ய வேண்டும். எத்தனையோ இரவு நான் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, டூப்பின் மூக்கு தெரிவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் வெட்டியிருக்கிறேன்.

டாம் க்ரூஸ் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். மிஷன் இம்பாசிபிளின் வாக்கு அதுதான்: முகத்தைப் பார்த்துக்கொள், இது அவரேதான். 2011-இல் 828 மீட்டர் உயர புர்ஜ் கலிஃபாவின் வெளிப்புறத்தில் அவர் ஏறும்போது கேமரா மேலிருந்து இறங்கி, முகத்தையும் அடியிலிருக்கும் நகரத்தையும் ஒரே ஷாட்டில் காட்டுகிறது. இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். “உயிரைப் பணயம் வைத்தார், பாதுகாப்பே இல்லை” என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. கம்பிகள் கட்டியிருந்தார்கள், பிறகு கணினியில் அழித்தார்கள். நாம் ரோப் ஷாட் என்று சொல்வதுதான். அவர் நிஜமாகவே அந்த உயரத்தில் இருந்தார் என்பது உறுதி. விழுந்தால் பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது என்பதும் உறுதி. என்னைப் பொறுத்தவரை அந்த ஷாட்டின் மதிப்பு ஆபத்தில் இல்லை. தொகுப்பாளருக்கு வெட்ட வேண்டிய அவசியமே வராதபடி எடுத்துக் கொடுத்தார்களே, மதிப்பு அதில்தான் இருக்கிறது.

2018-இல் வந்த ‘ஃபால்அவுட்’ படத்தில் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஷாட்டைக் கவனித்தீர்களா? சுவரில் மோதும்போது க்ரூஸின் கணுக்கால் நிஜமாகவே உடைந்தது. உடைந்த காலோடு ஏறி, நொண்டியபடி கேமராவைத் தாண்டிப் போனார், ஷாட் வீணாகக் கூடாதென்று. படத்தில் இருப்பது அந்த டேக்தான். 2023 படத்துக்கு நார்வேயில் மலையுச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்ததை எப்படி எடுத்தோம் என்று படம் வருவதற்குப் பல மாதம் முன்பே வீடியோ வெளியிட்டார்கள். முக்கியமான திருப்பத்தை முன்கூட்டியே காட்டியும் தியேட்டரில் மூச்சு நின்றது. கதையில் என்ன ஆகும் என்ற பதற்றத்தை நம்பி அந்த வரிசை ஓடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் தொடக்கத்தில் அது அப்படி இல்லை. 1966 முதல் 1973 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்தான் மூலம். குழுவாகச் சேர்ந்து, முகமூடி போட்டு, எதிராளியை ஏமாற்றுவார்கள். லாலோ ஷிஃப்ரினின் தீம் இசை ஐந்து எண்ணிக்கையில் சுழலும் தாளம். கண்ட நடை பழகிய காதுக்கு உடனே பிடிபடும். 1996-இல் பிரையன் டி பால்மா அதைப் படமாக்கியபோது முதல் அரைமணி நேரத்துக்குள் குழுவையே சாகடித்தார். தொடரின் தலைவரான ஜிம் ஃபெல்ப்ஸையே வில்லனாக்கினார். பழைய ரசிகர்களுக்குக் கோபம். எனக்கு அந்தப் படம்தான் வரிசையின் எட்டுப் படங்களிலும் நுணுக்கமானது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் தலைமையகம் இருக்கும் லாங்லியில் நடக்கும் அறைக் காட்சிக்கு வாருங்கள். தரையில் எடை பட்டால் அலாரம், வெப்பம் கூடினால் அலாரம், சத்தம் வந்தால் அலாரம். க்ரூஸ் மேலிருந்து கயிற்றில் தொங்குகிறார். இசை இல்லை. வசனம் இல்லை. கண்ணாடியில் ஒரு வியர்வைத் துளி உருண்டு, விளிம்புக்கு வந்து, விழப்போகிறது. கையுறை போட்ட கை அதைப் பிடிக்கிறது. ஓர் ஆக்‌ஷன் படத்தின் மிகப் பெரிய ஆக்‌ஷன் ஒரு சொட்டு வியர்வை. இளம் உதவியாளர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இந்தக் காட்சிதான். இந்தப் பரம்பரை இன்னும் பழையது. சத்தமில்லாமல் கயிற்றில் இறங்கித் திருடும் காட்சியை 1964-இல் ஜூல்ஸ் டாசின் ‘டாப்காபி’யில் எடுத்துவிட்டார்.

அந்த அறையில் வேலை பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடும் வில்லியம் டன்லோவை நினைவிருக்கிறதா? அலாஸ்காவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரே வரியில் அவர் கதையை முடித்திருந்தார்கள். 2025-இல் ‘ஃபைனல் ரெக்கனிங்’கில் அதே நடிகர், ரோல்ஃப் சாக்சன், 29 வருட முதுமையோடு திரும்பி வருகிறார். தூக்கியெறியப்பட்ட ஒரு துணைப் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் படத்தில் என் மனதைத் தொட்டது விமானச் சாகசத்தைவிட இதுதான்.

குறை என்று பார்த்தால், இந்த வரிசையின் வில்லன்களில் எத்தனை பேர் உங்களுக்கு ஞாபகம் வருகிறார்கள்? 2006 படத்தில் பிலிப் சீமோர் ஹாஃப்மன் தவிர எனக்கு யார் பெயரும் சட்டென்று வரவில்லை. சாகசத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கதையை அதைச் சுற்றிக் கட்டினால் இப்படித்தான் ஆகும். ஜான் வூ இயக்கிய இரண்டாம் படத்தை நான் திரும்பப் பார்ப்பதில்லை.

இனி உங்களுக்குப் பிடித்த பார்ன். முதல் படம் 2002-இல், இயக்கம் டக் லைமன். கடலில் மிதக்கும் ஓர் உடலில் கதை தொடங்குகிறது. மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கிப் போடுகிறார்கள். ஆள் பிழைக்கிறான், பெயர் மட்டும் ஞாபகமில்லை. பாண்டுக்கு மேலதிகாரி வேலை தருவார். மிஷன் இம்பாசிபிளில் க்ரூஸ் நடிக்கும் ஈத்தன் ஹன்ட்டுக்கு வேலையைச் சொல்லும் ஒலிநாடா வரும். பார்னுக்கு வேலை தந்தவர்கள்தான் எதிரிகளே. லைமனின் தந்தை ஆர்தர் லைமன், ஈரான்-கான்ட்ரா ஊழலை விசாரித்த அமெரிக்க செனட் குழுவின் தலைமை வழக்கறிஞர். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டத்துக்கு வெளியே வேலை பார்க்கும் மனிதர்களைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு இருந்திருக்கும். படத்தின் அதிகாரிகள் வில்லன் கோட்டையில் இல்லாமல், குழல்விளக்கு எரியும் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டு கொலைக்கு உத்தரவிடுவதில் அதன் சுவடு தெரிகிறது.

2004-இல் வந்த இரண்டாம் படமான ‘சுப்ரீமசி’யில் இயக்குநர் பொறுப்பை பால் கிரீன்கிராஸ் ஏற்றார். தொலைக்காட்சியில் செய்தி ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர். நடக்கப்போவது கேமராவுக்கு முன்கூட்டியே தெரியாது என்ற பாவனை அவருடையது. கதவு திறந்த பிறகுதான் கேமரா திரும்பும், அடி விழுந்த பிறகுதான் ஃபோகஸ் கிடைக்கும். மூன்றாம் படமான ‘அல்டிமேட்டம்’மில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் சுமார் 2 வினாடி. படத்தொகுப்புக்காக கிறிஸ்டோஃபர் ரௌஸ் ஆஸ்கர் வாங்கினார். ஒலிக்கான இரண்டு விருதுகளும் அதே படத்துக்குத்தான். அந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ரகசியம் வெளிவரும். இந்தப் பாணியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேமராவை ஆட்டினார்கள், வேகமாக வெட்டினார்கள், ஒன்றும் புரியாமல் போனது. நானும் ஒரு படத்தில் அப்படி வெட்டி, இயக்குநர் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லையே என்று கேட்ட பிறகு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு முதலிலிருந்து செய்தேன். ரௌஸின் கட்டுகளில் ஒரு ஷாட்டில் உங்கள் கண் எங்கே நிற்கிறதோ, அடுத்த ஷாட்டில் விஷயம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கண் தேடி அலையாது. படம் பாதி மறைத்ததை ஒலி முழுசாகச் சொல்லிவிடும். ‘சுப்ரீமசி’யில் பார்ன் ஒரு பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு சண்டை போடுவாரே, அங்கே இசையே இல்லை. மூச்சு, துணி உரசல், தாள் தோலில் படும் சத்தம் இவ்வளவுதான். யார் எங்கே நிற்கிறார் என்பது காதுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் படத்தை நான் விரும்புவது சண்டைக்காக இல்லை. மாஸ்கோ கார் துரத்தல் முடிந்த பிறகு வரும் காட்சிக்காக. குண்டடிபட்ட பார்ன், ஐரீனா நெஸ்கி என்ற இளம்பெண்ணின் சின்ன வீட்டில் காத்திருக்கிறார். அவள் உள்ளே வந்து பயந்துபோகிறாள். தன் தாயே தந்தையைச் சுட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டதாக அவள் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது நடக்கவில்லை, நான்தான் கொன்றேன் என்று அவர் சொல்கிறார். அது தனக்குத் தரப்பட்ட வேலை என்றும், தாய் அன்று அங்கே இருந்திருக்கக் கூடாது என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். படம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கேமரா இங்கே அவள் முகத்தில் நிற்கிறது. பிறகு அவர் பனியில் நொண்டிக்கொண்டு போகிறார். கிளைமாக்ஸில் வில்லனைக் கொல்லாமல், தான் அநாதையாக்கிய பெண்ணிடம் உண்மையைச் சொல்லப் போன ஆக்‌ஷன் ஹீரோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உங்கள் “ஏன் நின்றது” என்பதற்கான பதிலும் இங்கேதான். பார்ன் கொடுத்த வாக்கு ஒரு கேள்வி: நான் யார், என்ன செய்தேன்? கேள்வியை வாக்காகக் கொடுத்தால் பதிலைத் தந்தாக வேண்டும். தந்தால் கதை முடிந்தது. 2007-இல் மூன்றாம் படம் முடியும்போது பார்ன் நியூயார்க்கில் ஆற்றில் விழுந்து அசையாமல் மிதக்கிறார். முதல் படம் தொடங்கிய அதே காட்சி. பிறகு மெல்ல நீந்துகிறார். வட்டம் பூர்த்தியாகிவிட்டது. எழுதியவர்களும் வெட்டியவர்களும் அதைத் தெரிந்தே செய்தார்கள். அதற்குப் பிறகு 2012-இல், பார்னாக நடித்த மேட் டேமன் இல்லாமல் ஜெரெமி ரென்னரை வைத்து எடுத்தார்கள். கிரீன்கிராஸ் இல்லாமல் வரமாட்டேன் என்று டேமன் சொல்லியிருந்தார். பாண்டில் ஆள் மாற்றுவது போல இங்கே முடியவில்லை. ஏனென்றால் இங்கே அச்சு இல்லை, ஒரு மனிதனின் ஞாபகம்தான் இருந்தது. 2016-இல் இருவரும் திரும்பி வந்தபோது, பார்னின் தந்தையைப் பற்றி இன்னொரு மறந்துபோன ரகசியத்தைத் தோண்ட வேண்டியிருந்தது. படம் மோசமில்லை, ஆனால் மூடிய கதவை மறுபடி திறந்த உணர்வு போகவில்லை. ஆகவே பார்ன் தோற்று நிற்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததால் நின்றது. மூன்றில் உண்மையான முடிவு உள்ள வரிசை அது ஒன்றுதான்.

ஒரு சந்தேகமான விஷயத்தையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் உறுதி போல எழுதுகிறார்கள். “பார்ன் வந்ததால்தான் பாண்ட் மாறினார், ‘கேசினோ ராயல்’ அதன் நகல்.” இதில் பாதிதான் உண்மை. பார்ன் படங்களில் சண்டை, துரத்தல் காட்சிகளைத் தனியாக எடுக்கும் இரண்டாம் யூனிட்டை இயக்கிய டான் பிராட்லியையே 2008-இல் ‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’ படத்துக்கு அழைத்தார்கள். அந்தப் படத்தின் தொடக்கக் கார் துரத்தலைப் பார்த்தாலே கடன் தெரியும். அதுவும் சரியாகக் கடன் வாங்கவில்லை, எந்தக் கார் எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருக்கிறது. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தக் காலத்தில் அவசரமாக முடித்த படம் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் 2006-இல் வந்த ‘கேசினோ ராயல்’ வேறு. இயான் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் நாவலின் உரிமை ஈயான் பக்கத்துக்கு வந்ததே 1999-இல்தான். மறையும் காருக்குப் பிறகு தரைக்கு இறங்கியாக வேண்டிய நிலையும் இருந்தது. இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல், 1995-இல் பாண்டைத் திருப்பிக் கொண்டுவந்த அதே ஆள். கட்டுமான இடத்தில் செபாஸ்டியன் ஃபுகான் ஓட, கிரெய்க் துரத்தும் காட்சியை வெட்டு வெட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு தாவலும் தொடக்கமும் முடிவும் தெரியும்படி நிதானமாக வருகிறது. அது பார்ன் பாணிக்கு எதிர்ப்பக்கம். ஒருவன் நளினமாகச் சுவர் ஏறித் தாண்டுகிறான், மற்றவன் சுவரை உடைத்துக்கொண்டு வருகிறான். பார்ன் உண்டாக்கிய சூழல் அந்த முடிவுக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். அதைத் தாண்டிச் சொல்ல ஆதாரமில்லை.

வசூலை வைத்து ஒப்பிடுவதும் அதே போலத்தான் வழுக்கும். பாண்ட் படமான ‘ஸ்கைஃபால்’ உலகம் முழுக்க சுமார் 110 கோடி டாலர், ‘ஃபால்அவுட்’ சுமார் 79 கோடி, ‘அல்டிமேட்டம்’ சுமார் 44 கோடி. எண்கள் சரி. ஆனால் ஆண்டுகள் வேறு, டிக்கெட் விலை வேறு, படங்கள் போய்ச்சேர்ந்த நாடுகள் வேறு. 1960-களின் பாண்டை இந்தத் தராசில் வைக்கவே முடியாது.

அடுத்து என்ன என்பதில் என் கணிப்பை மட்டும் சொல்கிறேன், கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டின் அச்சைக் காத்தது ஒரே குடும்பம். ஆல்பர்ட் ப்ரோக்கலி, பிறகு மகள் பார்பராவும், அவருடைய தாயின் முந்தைய மணத்தில் பிறந்த சகோதரர் மைக்கேல் வில்சனும். 2025 பிப்ரவரியில் படைப்புப் பொறுப்பு அமேசான் எம்ஜிஎம்மிடம் போய்விட்டது. இயக்குநராக டெனி வில்நெவ் அறிவிக்கப்பட்டிருக்கிறார். அவர் ஷாட்டை நீளமாக நிறுத்தி வைக்கத் தயங்காதவர். அதனால் எனக்கு ஆர்வம். பயம் எங்கே என்றால், ஆறு வருடம் படமில்லாமல் காத்திருக்கும் பொறுமை புதிய உரிமையாளருக்கு இருக்குமா என்பதில்தான். அளவாகக் கிடைத்ததும் பாண்டின் மவுசுக்கு ஒரு காரணம். மிஷன் இம்பாசிபிளில் நிலைமை கடினம். இது அவரேதான் என்பது வாக்கு என்றால், அவர் போன பிறகு அந்த வாக்கை யார் காப்பாற்றுவது? பெயரும் இசையும் முகமூடியும் மிஞ்சும். அவற்றை வைத்து மறுபடி 1966 போலக் குழுவின் கதையாக ஆக்கினால் பிழைக்க வழி உண்டு. இன்னொரு இளம் நடிகரை இன்னும் உயரமான இடத்திலிருந்து குதிக்க வைத்தால் எடுபடாது என்று நினைக்கிறேன்.

உசத்தி எது என்று கேட்டீர்கள். அடுத்த தலைமுறையும் பார்க்கப்போவது பாண்ட். தியேட்டரில் பெரிய திரையில் பார்க்க எனக்கு மிஷன் இம்பாசிபிள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால், உங்களைப் போல நானும் பார்னைத்தான் எடுப்பேன், அதிலும் ‘சுப்ரீமசி’. முடிந்தால் மூன்று காட்சிகளை ஒரே நாளில், முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டும் அடுத்த தடவை ஒலியோடும் பாருங்கள்: 1963-இன் ரயில் சண்டை, 1996-இன் லாங்லி அறை, 2004-இன் பத்திரிகைச் சண்டை. ரயில் சண்டை ஒலி இல்லாமலும் பாதி வேலை செய்யும். லாங்லியில் இரண்டு தடவைக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. பத்திரிகைச் சண்டை மட்டும் ஒலியை அணைத்தால் சிதறிப்போகும். அது ஏன் என்று உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைக் கீழே எழுதுங்கள். அதைப் பற்றி இன்னும் பேச எனக்கு விஷயம் இருக்கிறது.